ராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்ட அப்பா

உங்களுக்குத் தலைவலி என்றால் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தலைவலி எங்கள் வீட்டிலேயே குடியிருந்தது. அது என் அப்பாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு வருகிற தலைவலி. வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தவேண்டும், ரேடியோவை நிறுத்தவேண்டும், அம்மா தாளிக்கக்கூடாது. தலையின் ஒரு பாதி மட்டும்தான் வலிக்குமாம். மற்ற பாதி என்ன செய்யும் என்று நான் கேட்டபோது அம்மா முறைத்தாள். படுத்திருந்த அப்பா, "அது இதைப் பாத்துப் பயந்துபோய் ஓரமா உக்காந்திருக்கும்டா" என்றார்.

அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து, ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் கிரேன் டிரைவராக இருந்தார். குகட்பள்ளியில் எங்கள் வீடு. கிரேன் என்றதும் ரோட்டில் போகிற வண்டியை நினைக்காதீர்கள். இது ஷெட்டின் கூரைக்கு அடியில் தண்டவாளத்தின் மேல் ஓடுவது. இரும்பு ஏணியில் ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்துதான் ஓட்டவேண்டும். கீழே காசிம் பாய் நின்று கையால் ஜாடை காட்டுவார். விரலைச் சுற்றினால் தூக்கு, உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு. அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அந்தக் கை ஒன்றுதான் அப்பாவுக்குப் பாஷை. ஊருக்குப் போகும்போதெல்லாம், "ஒரு யானையைக் குடுங்க, தூங்குற யானை முழிக்காம தூக்கி வச்சுக் காட்டுறேன்" என்று சித்தப்பாவிடம் பெருமையடிப்பார்.

தொழிற்சாலை டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று அமீர்பேட்டில் ஒரு டாக்டரைப் பார்த்தார். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. தூக்கமாக வரும், வாய் உலரும், போகப் போகக் குறையும், அதுவரை உயரத்தில் ஏறவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் கிரேன் ஏது? அப்பா யோசித்தார். எண்ணெய்க் குளியல் வாரத்துக்கு ஒரு நாள்தானே, மாத்திரையும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். சனிக்கிழமை ராத்திரி மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய், பிறகு சாயங்காலம் வரை வாயைத் திறந்துகொண்டு தூக்கம். யாராவது கேட்டால், "எண்ணெய் தேச்ச அசதி." மாத்திரையை அப்படிச் சாப்பிட்டால் தூக்கம் வருமே தவிர தலைவலி போகாது என்பது, பாவம், அவருக்குத் தெரியவில்லை. "அப்பாவுக்குத் தலைவலின்னு வெளியில மூச்சு விடக்கூடாது" என்று அம்மா எனக்குச் சட்டம் போட்டிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் நுமாயிஷ் தொடங்கியது. நாம்பள்ளியில் வருடா வருடம் நடக்குமே, அந்த எக்ஸிபிஷன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா தூங்கிவிடுகிறார் என்று நான் அழுத அழுகையில், அந்தச் சனிக்கிழமை மாத்திரையை விட்டுவிட்டார். ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் பல்பு, எங்கே பார்த்தாலும் ஒலிபெருக்கி. எனக்குச் சொர்க்கம். அப்பா மட்டும் அடிக்கடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அம்மா, "திரும்பிடலாங்க" என்றாள். "புள்ள ராட்டினம் கேட்டானே" என்றார் அப்பா. அம்மா கீழேயே நின்றுகொள்ள, நானும் அப்பாவும் ஏறினோம். உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது.

"அப்பா, அதோ அம்மா!"

"எங்கடா?"

"பஜ்ஜிக் கடை பக்கத்துல. பச்சைப் புடவை."

அப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு மற்ற கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "கடை தெரியுது. பக்கத்துல யாரும் இல்லையேடா."

"கையாட்டுறா பாருப்பா!"

அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் ஒரு மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தார். தலையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவுக்கு ராட்டினம் என்றால் பயம்!

மறுநாள் விடிந்ததும் பால் பூத்தில் அப்பாவின் ஃபோர்மன் எங்களைப் பார்த்துவிட்டார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். "ஏமய்யா, நேத்து எக்ஸிபிஷன்ல தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, என்ன உடம்புக்கு?" என்று தெலுங்கில் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். அம்மாவின் சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. முந்திக்கொண்டேன். "அப்பாவுக்கு ராட்டினம்னா பயம் சார்! மேல போனதும் கண்ணையே தொறக்கல!"

ஃபோர்மன் சிரித்த சிரிப்பில் அவர் கைப் பாத்திரத்துப் பால் தளும்பியது. "கிரேன் டிரைவருக்கு ராட்டினம் பயமா! அய்யோ ராமா!" அப்பாவும் கூடவே சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்வரை அப்பா என் தலைமேல் கை வைத்தபடியே நடந்து வந்தார்.

அன்று அப்பா ஏணி வரை போய்விட்டு, ஏறாமல் திரும்பிவிட்டார். நேராக ஃபோர்மனின் அறைக்குப் போயிருக்கிறார். அவரோ பார்த்ததும் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருக்கிறார். அப்பா சொன்னாராம்: "பயம்தான் சார். எனக்குத் தலைவலி வியாதி இருக்கு. நேத்து அது வந்தப்ப கண்ணுல பாதி மறைஞ்சிருச்சு. கீழ நின்ன பொண்டாட்டி தெரியல. இங்க கீழ காசிம் நிக்கிறான்." இதை அம்மா என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு.

அப்பாவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மாத்திரை தினமும் ஆயிற்று. முதலில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார். நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒரு கிராம்பை அவர் வாயில் போட்டுவிடுவாள், கையில் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புவாள். டாக்டரைக் கேட்டு மாத்திரையைப் பொழுது சாயும்போதே போட்டுக்கொள்ள ஆரம்பித்த பிறகு காலை மந்தம் குறைந்தது. தலைவலி ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் வீட்டில் தாளிக்கிற வாசனை அடிக்கடி வந்தது. நானோ, பயந்தாங்கொள்ளிகளைக் கிரேனில் ஏற்றமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் எல்லாரிடமும் ராட்டினக் கதையை நடித்தே காட்டினேன். அப்பா ஒரு தடவைகூட மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிம் பாய் ஒரு பொட்டலம் திராட்சையோடு வந்தார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை, அது அவர்களுக்குப் பழக்கம். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பேட்டா, ஓ ஜூலே கா கிஸ்ஸா சுனா" என்றார். ராட்டினக் கதையைத்தான் கேட்கிறார்! நான் நடு ஹாலில் நின்று, கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்து, கண்ணை மூடி, வாந்தி எடுப்பதுவரை எல்லாம் செய்து காட்டினேன்.

காசிம் பாய் சிரிக்கவில்லை. அப்பாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இந்தத் தடவை கண்ணை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.