ஓட்டைக் கீரை

தொண்ணூறுகளின் கடைசி. கல்முனைக்குடியில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் என் அக்காவின் கணவரான மச்சானுக்கு நல்ல வியாபாரம். எங்கள் வீட்டு வளவு மூலையில் லொறி பெட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார். பழுதானவற்றை உடைத்து ஈயத்தை எடுப்பார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்த இடத்தில் தன் பேர் விளங்க வேண்டும் என்று பெட்டரி உடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பொன்னாங்காணிக் கீரைப் பாத்தியும் போட்டிருந்தார். மாசமாக இருந்த அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, அதைத் தினமும் சுண்டித் தின்றாள்.

அவளின் தங்கச்சியான நான் அப்போது மலைநாட்டுக் கம்பஸ் ஒன்றில், பல்கலைக்கழகத்தில், ஆய்வுகூட உதவியாளர். அங்கே ஒரு பக்டீரியாவை வளர்த்தோம். ஈயம் பட்டால் அதன் உடம்புக்குள் பச்சைப் பொருள் ஒன்று ஊறும். இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்தால் குழாய் ஒளிரும். ஈயம் இல்லையென்றால் இருட்டாகவே கிடக்கும். கீரையை அரைத்து வடித்த சாற்றை அதில் விட வேண்டியதுதான்.

லீவில் வந்து அந்தப் பாத்தியைக் கண்டதும் எனக்குப் பகீரென்றது. ஈயம் மண்ணில் இறங்கிக் கீரையில் ஏறியிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சு.

"ராத்தா, நான் சொல்லும் வரைக்கும் இந்தக் கீரையத் தொடாதீங்க."

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒண்டும் இரிக்காது மச்சி. கொண்டு போய்ப் பாருங்க" என்றவர், நான் பஸ் ஏறும்போது ஒரு கட்டுக் கீரையை ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார்.

குழாய் இருட்டாகவே கிடந்தது. மறுபடி செய்தேன், அதே இருட்டு. சந்தோஷம் தாங்காமல் எங்கள் தெருக் கடைக்குப் போன் எடுத்து ராத்தாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! வேற ஒண்டும் வாய்க்குப் புடிக்குதில்ல புள்ள. இண்டைக்கே சுண்டுறன்" என்றாள்.

பெருநாளுக்கு வந்தபோது பாத்தியில் இலையெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. நான் கொண்டுபோன கட்டில் ஓர் ஓட்டைகூட இருக்கவில்லையே என்று மச்சானைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"அது சவளக்கடை ஊர்க் கீரை மச்சி. சந்தையில தேடி எடுத்த. கம்பஸ்ல படிச்ச ஆக்கள் பாக்கிற சாமான். ஓட்டைக் கீரையக் குடுத்தா, இவங்கட வீட்டுக் கீரை இப்படியா எண்டு கதைக்க மாட்டாங்களா?"

வெளியாருக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு ஓட்டையை நாங்கள் தின்கிற புத்தி! கீரையை மறுபடி தொடவேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு, ஓட்டை இலைகளை நானே கிள்ளிக்கொண்டு போனேன்.

ஊதா விளக்கைப் போட்டதும் குழாய் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. பேராசிரியர் பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டார். "எவ்வளவு வடிவா வேலை செய்யுது பாருங்கோ!" அதுவரை எந்தக் கீரையும் அப்படி ஒளிர்ந்ததில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அதைத் தின்றது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் போன் எடுக்க வெளியே ஓடினேன்.

போனில் ராத்தாதான் முதலில் கதைத்தாள்.

"என்ன புள்ள, இருட்டுத்தானே?"

"இல்ல ராத்தா."



"அப்ப, நீ தின்னச் சொன்ன பொறகு நான் தின்னதெல்லாம்?" என்றாள்.