பன்னிரண்டு பேர், ஆறு வாளி

யாத்திரைப் பார்ட்டி மேனேஜருக்கு எந்த ஊர் போனாலும் ஒரே தரிசனம்தான்: தலைகள். ரயில் நின்றால் எண்ண வேண்டும், கிளம்பினால் எண்ண வேண்டும், கோபுர வாசலில் மற்றவர்கள் கை கூப்பி நிற்கும்போதும் பின்னால் நின்று எண்ண வேண்டும். சொந்தக்காரர்கள் நாலு பேரை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பியிருக்கிறீர்களா? அப்படியென்றால் கீழே வருவதில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் குமாஸ்தா. புளி வரத்து ஓய்ந்த பிறகு என்னைச் சும்மா உட்கார்த்திவைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. ராமேஸ்வரம் பார்ட்டி என்று ஒன்று ஆரம்பித்தார். ஆனி மாதம், ராகி விதைப்புக்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் சத்திரக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். மூன்றாம் வகுப்பு ரயில், சத்திரத்துத் தரை, சொந்தச் சமையல், தீவுக்குள் நடை. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எட்டு வருஷம் இப்படிப் போய்வந்தேன். இங்கே சொல்வது மூன்றாவது வருஷத்துச் சங்கதிகள்.

சாட்சி

அந்த வருஷம் பேரிகை என்ற ஊரிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். அண்ணன் திம்மராயன், தம்பி நஞ்சப்பன். ஒரே வீட்டில் நடுவே சுவர் எழுப்பிக் குடியிருந்தவர்கள். சுவர் எழுப்ப முடியாதது கிணறு ஒன்றுதான். கோடையில் ராத்திரி முழுக்க ஊறுகிற தண்ணீர், காலையில் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் இறைப்பவனுக்குத்தான் கிடைக்கும். சாயங்காலம் இறைப்பவனுக்குச் சேறு. காலை முறை தனக்கே என்று அப்பா சாகிறபோது சொன்னதாகத் திம்மராயன் சொல்லிவந்தார். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நஞ்சப்பனின் மிளகாய்த் தோட்டம் இரண்டு கோடையாகக் காய்ந்துவிட்டது.

ஊர்ப் பஞ்சாயத்து ஒரு வழி கண்டுபிடித்தது. திம்மராயன் ராமேஸ்வரம் போய், இருபத்திரண்டாவது தீர்த்தம் தலையில் விழும்போது சத்தியம் செய்யட்டும். செய்தால் காலை முறை என்றைக்கும் அவருக்கு. செய்யாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். கூடவே போய்க் கேட்டு வருவதற்காக நஞ்சப்பன் குந்தாரப்பள்ளி சந்தையில் ஆட்டை விற்றுப் பார்ட்டியில் சேர்ந்தார். பொதுச் சாட்சி நான். கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் சிரித்தார். "மண்டியில தராசு பார்க்கறவருதானே நீங்க? ரெண்டு தட்டையும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, போதும்."

நடுவில் உட்கார்ந்தவன்

சேலத்தில் ரயில் ஏறியதும் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. நடுவில் நான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. ஆனால் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. "மேனேஜரே, கால் மேல மூட்டை இருக்குது, எடுக்கச் சொல்லுங்க" என்பார் திம்மராயன். "மேனேஜரே, மூட்டை முதல்லயே இங்கதான் இருந்தது, கால்தான் அப்புறமா வந்ததுன்னு சொல்லுங்க" என்பார் நஞ்சப்பன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். என் வழியாகப் போக வேண்டியிருந்ததால் சண்டை தமிழில் நடந்தது.

திருச்சிக்கு முன்னால் நான் அசந்து தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். ஏதாவது ஸ்டேஷனைத் தவறவிட்டோமோ என்று பதறி எழுந்தேன். நஞ்சப்பன் மரியாதையாகவே சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க மேனேஜரே, நீங்க தூங்கிட்டா எங்களால சண்டை போட முடியலீங்க."

இறங்க மறுத்தவர்

பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல். பாலத்தில் ரயிலுக்கு மட்டும்தான் வழி. மோட்டாரில் வருகிறவர்கள் மண்டபத்திலேயே வண்டியை விட்டுவிட வேண்டும். பாலம் முடிந்ததும் பாம்பன் ஸ்டேஷன். அங்கே இறங்கி ராமேஸ்வரத்துக்கு வேறு வண்டி மாற வேண்டும். மாறாமல் உட்கார்ந்திருந்தால் அதே வண்டி தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய்விடும். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல். இதை முந்தின நாளிலிருந்தே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

பிளாட்பாரத்தில் எண்ணினால் பதினொரு தலை. ஜன்னல் ஓரத்தில் திம்மராயன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறங்குங்கள் என்று கத்தினேன். "அவன் முதல்ல இறங்கிட்டான். அவன் பின்னால இறங்கறவன் நான் இல்லை" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

சாயங்கால வண்டியில் திரும்பி வந்தார். சட்டை முழுக்க மணல். தனுஷ்கோடியில் ஒரு அதிகாரி பிடித்து நிறுத்தி, இலங்கைக்கா என்று கேட்டிருக்கிறார். இவர், இல்லை, தம்பியோடு கோபம் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷனுக்கும் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும். காகிதம் எதுவும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "நல்ல மனுசன், மேனேஜரே" என்றார் திம்மராயன். "ஆனா தப்பு யார் பேருலன்னு மட்டும் கடைசிவரைக்கும் சொல்லலை."

உப்புக் களி

அன்று திம்மராயன் தனுஷ்கோடியிலிருந்து வந்து சேர்கிறவரை சத்திரத்தில் எங்களுக்குச் சமையல். எங்கள் பக்கத்துக்காரர்கள் இரண்டு வேளை சேர்ந்தாற்போல் அரிசிச் சோறு தின்றால் ஏதோ காய்ச்சல் வந்தவர்கள்போல் ஆகிவிடுவார்கள். அதனால் ராகி மாவு மூட்டை எங்களோடேயே வரும். குந்தாரப்பள்ளி மாதம்மா களி கிண்டினார். சந்தையில் போண்டா கடை வைத்திருப்பவர். பார்ட்டியில் அவர் இருந்தால் சமையல்காரனைப் பற்றி முதலாளிக்குக் கவலை இல்லை. சத்திரத்துக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரித்தது. மாதம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுல கிண்டினா உப்பு மிச்சம்" என்றார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நஞ்சப்பன் மட்டும் சாப்பிட வரவில்லை. வாசலில் நின்று ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு போய், "என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவரு இல்லையா, தம்பி. வந்துருவாரு, சாப்பிடு" என்றார். நஞ்சப்பன் தட்டை வாங்கவில்லை. "வராம போயிட்டா சத்தியம் யாரு பண்றது, அக்கா? ஆட்டை வித்துட்டு வந்திருக்கேன்."

லாரி வராத ரோடு

மறுநாள் காலை கோவிலுக்கு நடந்தோம். ஜட்கா வண்டிகள் நின்றிருந்தன. அவற்றைப் பார்ட்டி பார்க்காமல் இருப்பதற்காக நான் சற்று வேகமாக நடந்தேன். மாட்டு வண்டி, ஜட்கா, மனிதர்கள், இவ்வளவுதான் தெருவில். மோட்டார் என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

தெரு திரும்புகிற இடத்தில் தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது. திரும்பிப் பார்த்தால் மாதம்மா அந்தப் பக்கத்து ஓரத்திலேயே நிற்கிறார். இடது பக்கம் பார்க்கிறார், வலது பக்கம் பார்க்கிறார், மறுபடியும் இடது பக்கம். குந்தாரப்பள்ளியில் அவர் கடை பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. ஒரு கன்றுக்குட்டியை லாரிக்குப் பறிகொடுத்தவர். நான் திரும்பிப் போய், இங்கே லாரி கிடையாது, தாராளமாக வாருங்கள் என்றேன். நடு ரோட்டில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த மாடு வரைக்கும் நடந்து போய், அதன் பக்கத்தில் நடு ரோட்டில் நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் இருங்க மேனேஜரே. இப்படி நின்னு எத்தனை வருசமாச்சு."

வாளி

முதலில் கடல், பிறகு கோவிலுக்குள்ளே இருபத்திரண்டு தீர்த்தம். பெரும்பாலும் கிணறுகள். கூலிக்கு இறைத்து ஊற்ற ஆட்கள் உண்டு. நம் பார்ட்டிக்கு அது கட்டுப்படியாகாது. கிருஷ்ணகிரியிலிருந்தே ஆறு வாளியும் கயிறும் கொண்டுபோவோம். இரண்டு பேருக்கு ஒரு வாளி. ஒருவர் இறைத்து மற்றவர் தலையில் ஊற்ற வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஜோடியை முந்தின வாரமே ஊர்வாரியாக எழுதிவைத்திருந்தேன். சத்திரத்தில் பட்டியலை வாசித்தபோதுதான் பேரிகைக்கு எதிரில் யார் யார் பேர் இருக்கிறதென்று எனக்கே உறைத்தது. மாற்றலாம் என்று பார்த்தேன். மற்றவர்கள் ஒருவரும் தங்கள் ஜோடியை விடவில்லை.

முதல் ஐந்து கிணறு வரை, அண்ணனும் தம்பியும் ஒருவர் தலையில் மற்றவர் எருமையைக் கழுவுவதுபோல் ஊற்றினார்கள். "மேனேஜரே, கண்ணு மூக்கெல்லாம் எனக்கும் இருக்குதுன்னு சொல்லுங்க" என்று நஞ்சப்பன் தும்மினார். ஆறாவது கிணற்றில் திம்மராயன் கயிற்றைப் பாதியில் பிடித்தபடி நின்றுவிட்டார். வலது தோள் பிடித்துக்கொண்டது. வாளி கீழே தொங்கியது. நஞ்சப்பன் கயிற்றை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் அவர்தான் இறைத்தார். அண்ணனுக்கு ஒரு வாளி ஊற்றுவார், தனக்கு ஒரு வாளி ஊற்றிக்கொள்வார்.

விவசாயிகளுக்குத் தண்ணீரைக் கண்டால் வாயில் விட்டுப் பார்க்காமல் முடியாது. ஒரு கிணறு லேசாகத் துவர்த்தது, ஒன்று தித்தித்தது. பதினைந்தாவதோ பதினாறாவதோ, ஒரு கிணற்றுத் தண்ணீரைத் திம்மராயன் உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். தன்னை மறந்து கன்னடத்தில், என்னைப் பார்க்காமல், தம்பியிடம் நேராகவே சொன்னார்: "நம்ம கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்குது." நஞ்சப்பன் வாளியை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்: "காலைத் தண்ணி மாதிரியா, சாயங்காலத் தண்ணி மாதிரியா?"

இருபத்திரண்டாவது

கடைசித் தீர்த்தத்தில் நெரிசல். மற்றவர்கள் முடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். இங்கே என்ன நடக்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம்மா முந்தானையைப் பிழிவதை நிறுத்திவிட்டார். நஞ்சப்பன் நிறைந்த வாளியை அண்ணன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நான் முன்னால் போய், "சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இருபத்தொரு கிணற்றில் இறைத்த கை நஞ்சப்பனுடையது. அது மெல்லத் தாழ ஆரம்பித்தது. வாளி விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக அண்ணன் தோளில் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள். திம்மராயன் கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். "ஊத்துடா, கை வலிக்கப்போகுது" என்றார். சத்தியம் என்று நஞ்சப்பன் இழுத்தார். "முதல்ல ஊத்து."

தண்ணீர் விழுந்தது. திம்மராயன் முகத்தை வழித்துக்கொண்டார். தம்பியைப் பார்க்கவில்லை. என்னிடம், ஊருக்கெல்லாம் கேட்கிற தமிழில் சொன்னார்: "அப்பா என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகம் இல்லைன்னு பஞ்சாயத்துல சொல்லிடுங்க, மேனேஜரே."

தராசுக்காரன் சொன்னது

பேரிகையில் ஊர் கூடியிருந்தது. சத்தியம் ஆயிற்றா என்று தலைவர் கேட்டார். ஆகவில்லை என்றேன். திம்மராயன் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தலை குனிந்து துண்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் அங்கே போய் என்னதான் செய்தார்கள் என்று தலைவர் விடவில்லை. ஒரே வாளியில் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டார்கள் என்றேன்.

தலைவர், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்தார். வேட்டியை உதறும்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஏம்ப்பா, அந்த வாளியை நம்ம கிணத்துலயே விட்டிருந்தா ரயில் சார்ஜாவது மிஞ்சியிருக்குமே?"

சந்தையில்

அடுத்த கோடையில் குந்தாரப்பள்ளி சந்தையில் மாதம்மாவின் கடைக்குப் பக்கத்தில் நஞ்சப்பனைப் பார்த்தேன். கையில் ஒரு ஆட்டுக் கயிறு. இந்தத் தடவை வாங்க வந்திருந்தார். மிளகாய் பிழைத்துவிட்டதாகச் சொன்னார். போண்டா வாங்கிக் கொடுத்தார். கிணறு எப்படி என்று கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சரியாக நடக்கிறது என்றார். அண்ணன் பேசுகிறாரா என்று கேட்டேன்.

நஞ்சப்பன் பெரிதாக மூச்சு விட்டார். "அதை ஏன் கேக்கறீங்க, மேனேஜரே. பேச்சு இல்லாதப்ப நிம்மதியா இருந்தேன். இப்ப என் முறை அன்னிக்கும் விடிஞ்சதும் கிணத்து மேட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, கயிறு எப்படிப் பிடிக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுக்கறாரு."

எட்டு முறை அந்தத் தீவுக்குப் போய்வந்தும் ஒவ்வொரு முறையும் நான் காய்ந்த வேட்டியோடுதான் திரும்பியிருக்கிறேன், ஏனென்றால் பன்னிரண்டு பேருக்கு ஆறு வாளி, மேனேஜர் பதின்மூன்றாவது ஆள்.