ஆர்வில் வராத கோடை

ஆர்வில் ட்வெய்ட் தன் விமானத்தைக் கார் கொட்டகையில் தானே கட்டியவர். பக்கவாதம் வந்த அவர் மனைவி ஆர்டிஸ் நான் வேலை பார்க்கும் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். அவளைப் பார்க்க அவர் தினமும் காரில் வருவார். அது அவளுக்குக் கணக்கில் சேராது. செவ்வாய்தோறும் மதியம் விமானத்தில் கூரைக்கு மேலே வந்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போவாரே, அதற்காகத்தான் ஜன்னலோரம் காத்திருப்பாள். அன்று ஒழுங்காகச் சாப்பிடுவாள். எனக்கு அது போதும்.

எங்கள் இல்லம் மினியாபொலிஸ் விமான நிலையத்தைச் சுற்றிய வட்டத்துக்குள் இருந்தது. அதற்குள் பறக்கும் விமானங்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்று அறிவித்துக்கொண்டே இருக்கும் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சினிலிருந்து மின்சாரம் எடுக்காத விமானங்களுக்கு விலக்கு உண்டு. ஆர்விலுடையது அப்படித்தான், முன்னாலிருக்கும் ப்ரொப்பெல்லர் விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்புவார். தோள் வலி தாங்காமல் ஒரு குளிர்காலத்தில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் பொருத்திவிட்டார். விலக்கு போனது, கருவி இல்லாமல் இனிப் பறக்க முடியாது.

விமானத் திடலில் அவருக்குப் பக்கத்துக் கொட்டகைக்காரரான நண்பர் டுவேன் ஆர்டிஸின் அறையிலேயே வைத்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பறக்க அனுமதி கைல இருந்துச்சு. அதை நீயே ஸ்பானர் போட்டுக் கழட்டிட்டியேடா."

"தோள் உன்னுதா என்னுதா? ரெண்டையும் எடுத்துடறேன், விடு."

"எடுத்துட்டா விசிறிய யாரு சுத்துவா? ஆர்டிஸா?"

ஆர்டிஸ் ஒரு பக்க வாயால் சிரித்தாள். "செவ்வாக்கிழமை வருவ தானே?" என்றாள்.

"கருவி மாட்டினதும் வரேன்."

பொருத்தும் கடையில் வரிசை நீளம். கோடை போய்க்கொண்டிருந்தது. காரில் வந்துபோகும் நேரம் தவிர ஆர்வில் கொட்டகையில் விமானத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று டுவேன் சொன்னார். ஆர்டிஸ் ஆகஸ்ட் வரை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை டிவி பக்கம் திருப்பச் சொன்னாள். எடை குறைந்தது. உருளைக்கிழங்கில் வெண்ணெய் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை.

அக்டோபரில் கருவி மாட்டியாயிற்று. அடுத்த செவ்வாயன்று அவர் எங்கே வருகிறார் என்று என் போனில் புள்ளியாகத் தெரிந்தது. நாற்காலியைத் திருப்பினேன்.

"டிவி பாக்கிறேன்ல?"

"விளம்பரம்தான் ஓடுது. இங்க பாரு."

விமானம் வந்தது, இறக்கையை ஆட்டியது, போனது. நல்ல கையைத் தூக்கியவள் சத்தம் அடங்கும்வரை இறக்கவில்லை.

"அடுத்த வாரமும் வருவானா?"

"பனி விழலைன்னா வருவாரு."

டிவி பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டேன்.

"இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை பனி விழுந்தது.