மூன்று சொல்லில் ஒரு தீர்ப்பு

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து பெங்களூரு அல்சூர் வீட்டுக்குத் திரும்பினால், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. எழுதியவர் மஞ்சுளா. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவர். வேலை நேரத்தில் நான் போனை எடுக்க மாட்டேன் என்பதால், என்ன சொல்வதானாலும் கன்னடத்தில் நாலு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போவார்.

எனக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும். படிக்க...? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நம்பரையும் முதல் எழுத்தையும் பார்த்து ஏறிவிடுவேன் — அந்த அளவுக்குத்தான். இதுவரை தப்பான பஸ்ஸில் ஏறியதில்லை. மஞ்சுளாவின் சீட்டுகளையும் அப்படியே ஊகித்து ஓட்டிவிடுவேன். அந்தத் திமிர்!

சீட்டில் மூன்று சொற்கள் பிடிபட்டன. நாளை. மகள். ஆஸ்பத்திரி. அப்புறம் படிக்க என்ன இருக்கிறது? போன மாதமும் மகளுக்குக் காய்ச்சல் என்றுதான் லீவு. மறுநாளோ என் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். சரியாக அன்றைக்கா உடம்புக்கு வரும்? நான் பால் பாக்கெட்டின் தேதியையே இரண்டு தடவை பார்க்கிற சந்தேகப் பிராணி. விடுவேனா? உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

“மஞ்சுளா, மாசா மாசம் உன் பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம போயிடுமா? யார்கிட்ட கதை விடறே?”

அவர் அதைக் கேட்டுவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று, எதிர் ஃப்ளாட் கன்னடக்காரர் சுதாவிடம் சீட்டை நீட்டினேன்.

சுதா நிதானமாகப் படித்தார். “பொண்ணுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரில நர்ஸ் வேலையாம், மொதல் நாள். கூடப் போய் விட்டுட்டு பத்து மணிக்கு வந்துடறாங்களாம். உங்களுக்கு ஸ்வீட் டப்பா ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிருக்காங்களாம். அஷ்டே ரீ, அவ்வளவுதான்!”

திறந்து பார்த்தேன். இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் மூளை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லையாம். கண்ணில் பட்ட சில சொற்களை வைத்துக்கொண்டு, மிச்சத்தை இடம் பொருள் பார்த்து அதுவே நிரப்பிக்கொள்ளுமாம். சரி... நிரப்புகிற சரக்கு எங்கிருந்து வருகிறது? எனக்கு வந்தது, மனசில் ஏற்கெனவே இருந்த சந்தேகத்திலிருந்து. இப்போது ஆபீஸ் மெயில்களைக்கூட இரண்டாம் தரம் படிக்கிறேன். இதுவரை எத்தனை பேரை இப்படி முழுசாகப் படிக்காமலே திட்டினேனோ!

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு மஞ்சுளா வந்தார். “மன்னிச்சுக்கோ... எனக்குக் கன்னடம் சரியா படிக்க வராதுன்னு உனக்கே தெரியும்ல” என்று இழுத்தேன்.

பாத்திரம் தேய்த்தபடியே, திரும்பாமல் சொன்னார்: “எழுத்து தெரியாது, சரி. என்னைத் தெரியும்ல அக்கா?”