உப்புச் சாக்கில் வந்த ஈரம்

எனக்கு வந்த வரன் ஏலமலையிலிருந்து வந்தது. எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். நம் சபைக்காரர், குடிப்பழக்கம் இல்லை என்று எங்கள் உபதேசியார் சொன்னார். முதல் மனைவி கல்யாணமான மறுவருஷமே மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டதையும் மறைக்கவில்லை. "இப்ப அங்க காய்ச்சலே கிடையாது" என்று சேர்த்துக்கொண்டார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. மலைக்கு வேலைக்குப் போய், நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தவர்களை எங்கள் ஊரான போடியில் எல்லாரும் பார்த்திருந்தோம். சிலர் தேறினார்கள். சிலர் தேறவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் சுபாவம் எனக்கு இல்லை. அப்பா கேட்கவும் இல்லை. ஆண்டவருடைய சித்தம் தெரிந்தால் அவருக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா கடைத்தெருவில் உப்பு, புளி, மிளகாய் விற்றார். வேதத்தில் ஒருவர் ஆட்டுத்தோலை இரவில் வெளியே போட்டு, தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருந்தால் அதுவே பதில் என்று கடவுளிடம் கேட்ட சம்பவம் அவருக்கு மிகவும் பிடிக்கும். சனிக்கிழமை கடையடைத்து வரும்போது வெறும் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, ஜெபம் செய்துவிட்டு, கொல்லையில் விரித்தார். நனைந்தால் சம்மதம்.

"ஆட்டுத்தோலு கெடைக்கலையாண்ணே?" என்றாள் அத்தை. அம்மா இறந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

"மனசப் பாக்குறவருக்குச் சாக்கு போதும். நீ சோலியப் பாரு."

காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். பங்குனி மாதம், கொல்லையில் புழுதி பறந்தது. சாக்கு மட்டும் ஈரமாக இருந்தது.

"பாத்தியா ஆத்தா, கர்த்தர் பேசிட்டாரு" என்று அங்கேயே முழங்கால்படியிட்டார். நானும் முழங்கால்படியிட்டேன். மனம் அமைதியாகவில்லை. கர்த்தரே சொன்ன பிறகும் பயப்படுகிறாயே, இது என்ன விசுவாசம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு சாக்கைக் கொடியில் போட எடுத்தேன். விறகு கீறிய விரல் எரிந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

உப்புச் சாக்கு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். "மூட்டையைச் செவத்தோரம் போடாதே, தண்ணி விடும்" என்று கடையில் தினமும் சத்தம் போடுகிறவரே அப்பாதான்.

அத்தையிடம் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? வெரசாப் போய் உங்கப்பாகிட்டச் சொல்லு. கோயிலுக்குக் கெளம்பிட்டாரு" என்றாள்.

"அப்பா, அது உப்புச் சாக்கு" என்றேன். கல்யாணப் பேச்சில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அப்பா சாக்கைத் தடவி, விரலை நக்கிப் பார்த்தார். சாக்கைச் சுருட்டிச் சுவரோரம் போட்டார். பிறகு, "இன்னைக்கு ஒரு அரிசிச் சாக்கு போட்டுப் பாப்போம்" என்றார்.

"சீனிச் சாக்கையும் போடுண்ணே. எறும்பு வந்து பதில் சொல்லும்."

"விசுவாசத்தக் கேலி பண்ணாத."

"கேலி இல்லண்ணே. பிள்ளைய அனுப்பப் போறது மலைக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா சாமி கோவிச்சுக்கிருவாரா?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்னாத்தா சொல்ற?"

"பாத்துட்டு வரலாம்."

உபதேசியாரைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த வாரமே ஜீப்பில் ஏறினோம். மேலே மூடுபனி. கூரை, இலை, என் சேலைத் தலைப்பு எல்லாம் நனைந்திருந்தன. "இங்க எந்தச் சாக்கப் போட்டாலும் நனையும்" என்று அப்பா முணுமுணுத்தார். அத்தை எனக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஏலக்காய்ப் பறிப்பு முடிந்த காலம். ஸ்டோரில் அடுப்பு அணைந்திருந்தது. மாப்பிள்ளை பாலில்லாத கட்டங்காப்பி கொடுத்தார். "இங்க இப்பக் காய்ச்சல் இல்லைன்னாங்க" என்று அப்பா ஆரம்பித்தார்.

"யாருங்க சொன்னது? இருக்கு. மருந்து அடிக்கிறாங்க, மாத்திரை குடுக்குறாங்க, முன்னைக்கு இப்பக் கொறச்சல். போன மழையில எனக்கே வந்துச்சு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லிருங்க. நான் தப்பா எடுத்துக்கிற மாட்டேன்."

காய்ச்சல் இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். அது அவருக்கும் தெரிந்திருக்கும். என் பயம் போகவில்லை. ஆனால் சாக்கருகே முழங்காலில் நின்றபோது இருந்த நெருடல் இப்போது இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றும் தெரியாது.

இறங்கும் வழியில், "சரிப்பா" என்றேன்.

"அடையாளம் ஏதும் கெடச்சுதா?"

"இல்லப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே போய் உபதேசியாரிடம் சம்மதம் சொன்னார்.

கல்யாணமாகி மலைக்குப் போன அந்த மழைக்காலத்திலேயே எனக்குக் காய்ச்சல் வந்தது. இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. தவறாகத்தான் முடிவெடுத்துவிட்டோமோ என்று படுத்தபடியே யோசித்துப் பார்த்தேன். அப்படித் தோன்றவில்லை. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் மட்டும் என் முடிவு சரியென்று ஆகிவிடாது என்றும் பட்டது. என் கணவர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

சேதி கேட்டு அப்பா வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். ஆண்டவருடைய சித்தத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கண்ணைத் திறந்ததும், "மாத்திரை போட்டியா ஆத்தா?" என்று கேட்டார்.