ஃபார்மில் எழுதிய போன் நம்பர்

ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் வேலைக்குப் போனபோது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேஜை போட்டு, நீலத் துணி விரித்து, நாலு பலூன் கட்டி ஒரு தனியார் வங்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளக் கணக்கை அவர்களிடம் மாற்றிக்கொண்டால் இரண்டாயிரம் ரூபாய் தருவார்களாம். குடை, பை என்று எதையாவது கொடுத்துச் சமாளிக்கிற வேலை இல்லை, பணமாகவே கணக்கில் விழும். இரண்டு மாதச் சம்பளம் தொடர்ந்து அங்கே வர வேண்டும். இரண்டு மாதமும் அவர்கள் கார்டை ஒரு தடவையாவது கடையில் தேய்த்திருக்க வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் பெரிய கட்டடங்களுக்குச் சுத்தம் செய்யும் ஆட்களையும் காவலாட்களையும் அனுப்புவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். நான் அதில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். யார் சம்பளம் எந்த வங்கிக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதே நான்தான். அதனால் எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாலேயே என் ஃபார்மை எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் மிக்ஸி ஒரு மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அதைப் பற்றித்தான் கேட்டாள். அவளும் எங்கள் கம்பெனி ஆள்தான், எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியைச் சுத்தம் செய்கிறவள். கோலார் தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் இருக்கிறாள். நான் அதே ஸ்டேஷனில் இறங்கி, தொழிற்சாலைப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட வீட்டுக்குப் போகிறவள். ஆறு வருடமாகக் காலையும் மாலையும் ஒரே பெட்டியில் வருகிறோம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அக்கா என்று கூப்பிடுவாள்.

"ஏங்க்கா, அந்த ரெண்டாயிரம் நெஜமா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. நானே எழுதிக் குடுத்துட்டேன்."

"பழைய பேங்க்ல இருக்கற கார்டு?"

"அது அப்படியே இருக்கும். ஆனா சம்பளம் அதுல வராது. புதுசா வேற கார்டு தருவாங்க."

மாலூர் தாண்டியதும், "நாளைக்கு நீங்க கூட வந்து எழுதிக் குடுக்கறீங்களா?" என்றாள்.

அவளுடைய கார்டு அவளிடம் இல்லை என்பது பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் ஆண்டர்சன்பேட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகில் டிஸ்க் நகர்ந்து, ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ தார்ப்பாய் போட்டு வீட்டு வாசலில் நின்றது. அதற்கு மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. சம்பளம் விழுந்த மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும். வந்த அன்றே ஏடிஎம்முக்குப் போய் மொத்தத்தையும் எடுத்துவிடுவார். குடிக்கிற ஆள் கிடையாது. தவணை, அரிசி, பெண்ணுடைய ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஒழுங்காகத்தான் கட்டினார். ஆனால் இவளுக்கு ரயில் பாஸ் எடுக்கவும், கைச்செலவுக்கும் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு தடவை கால் செருப்பு அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டு ஒரு வாரம் வேலைக்கு வந்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று அவளே சொன்னாள். கேட்கப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் வங்கி மேஜைக்கு அவளோடு போனேன். அங்கிருந்த பெண் கன்னடத்தில் விவரம் சொன்னாள். இவள் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். நான் ஃபார்மை நிரப்பினேன். பேர், ஊர், ஆதார் எல்லாம் எழுதி முடித்து, போன் நம்பர் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். பழைய கணக்கில் அவள் வீட்டுக்காரர் நம்பர் இருப்பது என் கம்ப்யூட்டரிலேயே பார்த்தது.

"எந்த நம்பர் போடட்டும்?"

அவள் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு, தன்னுடைய பட்டன் போனின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"பின் நம்பரை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று அந்தப் பெண் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. இவள் சிரிக்கவில்லை, சரி என்று தலையாட்டினாள்.

வீட்டில் இரண்டாயிரத்தை மட்டும் சொல்லியிருக்கிறாள். சும்மா வருகிற பணத்தை எதற்கு விட வேண்டும், மாத்திடு என்று அவரும் சொல்லியிருக்கிறார். புதுக் கார்டை அவர் கேட்டபோது, கடையில் தேய்த்தால்தான் இரண்டாயிரம் வரும், பெங்களூரில் நானே தேய்த்துக்கொள்கிறேன், அதனால் என்னிடமே இருக்கட்டும் என்றாளாம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த மாதச் சம்பளம் விழுந்த மெசேஜ் சாயங்கால ரயிலில் போகும்போது வந்தது. அவள் போன் மணி அடித்தது போல ஒரு சத்தம் கொடுத்து நின்றது. என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷில் இருந்ததை மெல்லப் படித்துச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி படிங்க்கா."

படித்தேன். போனை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த கடையில் முதல் தடவையாகக் கார்டைக் கொடுத்து ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். பின் நம்பர் அழுத்தும்போது என்னையே அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள்.

தவணைக்கும் வீட்டுக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரர் கையில் கொடுத்திருக்கிறாள். மிச்சம் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். பேங்கிலேயே இருக்கட்டும் என்றிருக்கிறாள். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். அது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"நீங்கதான் ஃபார்ம் எழுதினீங்களாமே."

"ஆமாங்க."

"என் நம்பர் போட்டிருக்கலாமே."

"அவங்க சொன்ன நம்பரைத்தாங்க எழுதினேன்."

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் அதற்குத் தயாராக நின்றிருந்தேன்.

"பணத்துக்காகக் கேக்கலைங்க" என்றார். "வண்டி ஓட்டின வரைக்கும் காலைல இருந்து போன் அடிச்சிக்கினே இருக்கும். இப்ப யாரு கூப்பிடறாங்க? மாசம் ஒரு வாட்டி அந்த மெசேஜ் வரும். போய் எடுத்தாந்து, இது பால்காரனுக்கு, இது ஃபைனான்ஸுக்குன்னு பிரிச்சி வெப்பேன். வீட்ல நானும் ஒரு வேலை செய்றேன்னு இருந்துச்சி. இப்ப இன்னா கீது?"

அவரைப் பற்றி ஆறு வருடமாக ரயிலில் நாங்கள் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது.

"ரெண்டாயிரம் வந்தப்புறம் பழைய பேங்க்குக்கே மாத்திடலாமா?" என்று கேட்டார்.

மாற்றலாம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த மாதமே நான் மாற்றிவிடுவேன். அவர் பேச்சைக் கேட்டு மனசு இளகித்தான் இருந்தது. ஆனாலும் செருப்புக் கடையில் அவள் என்னைத் திரும்பச் சொன்னது கண் முன்னால் நின்றது. "ஒரு வருஷம் ஆகணுங்க. கம்பெனி ரூல்ஸ்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

திங்கட்கிழமை ரயிலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் பொய் சொன்னதைத் தவிர. மெசேஜ் பற்றி அவர் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "எங்கிட்ட இத சொல்லவே இல்லியே" என்றாள். பங்காருப்பேட்டை தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் சம்பள மெசேஜ் வந்ததும் அவளே அவருக்குப் போன் செய்தாள். "வந்துடுச்சிங்க" என்று தொகையைச் சொன்னாள். "நாளைக்கு எடுத்தாறேன். பிரிச்சி வெச்சிடுங்க" என்றாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இவள் வெறுமனே ம் கொட்டிக்கொண்டிருந்தாள். கார்டு அவளிடமே இருந்தது. பேங்கில் கொஞ்சம் நிறுத்திவைப்பதையும் அவள் விடவில்லை. எவ்வளவு என்று நானும் கேட்டதில்லை.

இரண்டாயிரமும் சொன்னபடி விழுந்தது. அதை முழுசாக அவரிடம் கொடுத்தாள். அவர் ஆட்டோவின் பேட்டரியை மாற்றினார். தன்னால் ஓட்ட முடியாவிட்டாலும், பக்கத்துப் பாலகாட்டில் ஒரு பையனுக்கு நாள் வாடகைக்கு விட்டார். எனக்கு இரண்டாயிரம் வரவில்லை. போய்க் கேட்டால், முதல் மாதம் நீங்கள் கார்டைக் கடையில் தேய்க்கவே இல்லையே மேடம் என்றார்கள். நிபந்தனைகளை எல்லோருக்கும் படித்துச் சொன்னவள் நான். ரயில் பெட்டியில் ஒரு வாரம் என்னை வைத்துச் சிரித்தார்கள். பழைய மிக்ஸிக்கே மோட்டார் கட்டிக்கொண்டேன்.

போன மாதம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அப்படி ஒரு ரூல்ஸ் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், நான்தான் பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அது அவருக்குத் தெரியுங்க்கா" என்றாள். "உங்க வீட்டுக்கு வந்தாரே, அதுக்கு மறுநாளே பழைய பேங்க்ல போய் கேட்டிருக்காரு. கம்பெனி லெட்டர் குடுத்தா மாத்திக்கலாம், வருஷமெல்லாம் வேணாம்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

"நானும் கேட்டேன். அந்தக்கா பொய்யே சொல்லாத ஆளு, நீ அவங்களையே பொய் சொல்ல வெச்சிருக்கன்னா, என்னால பட்ட கஷ்டத்த எவ்ளோ சொல்லியிருப்பன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அழுகை வந்துடுச்சி. அவருதான் அன்னிக்கு சோறு போட்டாரு."

ஊரிகத்தில் இறங்கினோம். அவர் வழக்கம்போல ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னாங்க, இன்னிக்கு வண்டி லேட்டா?" என்று கேட்டார். பத்து நிமிஷம்தான் என்றேன். அவள் சாப்பாட்டுப் பையை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் லைன் வீடுகளின் பக்கம் திரும்பினார்கள். அவருக்காக அவள் மெதுவாகத்தான் நடந்தாள்.