நாலு மணிக்குப் புறப்பட்ட வண்டி

கருத்தையாவைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவருடைய கோபத்தைத்தான். மனுஷனுக்கு மூக்கு நுனியில் கோபம், வாயைத் திறந்தால் வசவு என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்து மூக்கில் உட்கார்ந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. முன்னீர்ப்பள்ளத்தில் பிறந்து, பதினைந்து வயதில் நெல் வண்டி ஓட்ட ஆரம்பித்தபோது அவர் பரம சாது. அவருடைய சம்சாரம் கோமு அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவாள்.

இருபத்தாறு வயதில் மெயில் வண்டிக்கு வந்தார். திருநெல்வேலி ரயிலடிக்கு எதிரே ஒரு கம்பெனியின் வண்டிப்பேட்டை இருந்தது. ரயிலில் வருகிற தபால் மூட்டைகளையும் நாலு பிரயாணிகளையும் ஏற்றிக்கொண்டு, மூன்றடைப்பில் மாடு மாற்றி, நாங்குநேரியில் இன்னொரு ஜோடி மாற்றி, திசையன்விளை வரை போகிற வண்டி. பதினான்கு வருஷம் ஓட்டினார். ஒரு நாளும் ஒரு சக்கரம் கழன்றதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நுகத்தடியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், பூட்டாங்கயிற்றை இழுத்துப் பார்ப்பார், சக்கரம் கழலாமல் அச்சு நுனியில் செருகியிருக்கிற கடையாணி இரண்டையும் விரலால் தொட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது.

பேட்டைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அச்சு உராயாமல் இருக்க மை போடுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றினால், கழற்றின கடையாணியை ஓட்டுகிறவனின் இருக்கையில்தான் வைக்க வேண்டும். தரையில் வைக்கக்கூடாது, மடியில் செருகக்கூடாது. இருக்கையில் இரும்பு கிடந்தால் வண்டி நகராது. இருக்கை காலியாக இருந்தால் ஆணி அச்சில் இருக்கிறது. யார் வகுத்தது என்று தெரியாது. எழுதிவைத்த சட்டமும் இல்லை. ஆனால் மை போடுகிற கிழவர் பாபநாசம் முப்பது வருஷமாக அதில் ஒரு தரமும் பிசகினதில்லை.

டில்லியில் முடிசூட்டு விழா நடந்த வருஷம், சித்திரை மாசம், பேட்டைக்குப் புது ஏஜெண்டு வந்தார். சிவசண்முகம் பிள்ளை. டவுணில் ஜவுளிக் கடையின் சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். படித்தவர், நல்ல கையெழுத்து. மாட்டுக்கு முன்னால் நின்று பழக்கமில்லை. ஜேபிக் கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். அதைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார் என்று பேட்டையில் கேலி பேசினார்கள்.

மதுரையில் இருந்த முதலாளி, வண்டிகள் நேரத்துக்குப் புறப்படுவதில்லை, தபால் குத்தகை கையை விட்டுப் போய்விடும் என்று கடிதம் எழுதியிருந்தார். ரயில் நேரத்துக்கு வந்தால்தானே வண்டி நேரத்துக்குப் போகும்? அதை முதலாளிக்கு எழுத ஏஜெண்டுக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். நாலு மணி அடித்ததும் சக்கரம் பேட்டை வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டினால் வண்டி புறப்பட்டதாகப் புத்தகத்தில் எழுதிவிடலாம். மூட்டை வராவிட்டால் என்ன, வெளியே புங்கமரத்தடியில் நிற்கட்டும்.

அப்படியே நின்றது. அரை மணி, முக்கால் மணி. பூட்டிய மாடுகள் நுகத்தோடு நிற்கும். ஏறின பிரயாணிகள் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறுவார்கள். புத்தகத்தில் வண்டி பாளையங்கோட்டையைத் தாண்டியிருக்கும். வண்டியோ மரத்தடியில் சாணத்துக்கு நடுவே நிற்கும். இது வெறும் கேலிக்கூத்து என்றால் கருத்தையாவும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நாங்குநேரியில் வண்டி முக்கால் மணி பிந்திப் போய்ச் சேரும் அல்லவா? நாலு மணிக்குப் புறப்பட்ட வண்டி ஏன் பிந்தியது? வண்டிக்காரன் வழியில் சுணங்கினான். அவன் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் வேலை போச்சு. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான்.

முதல் கோடு விழுந்த அன்று கருத்தையா நேரே போய்க் கேட்டார். ரயில் பிந்தி வந்தது என்று எழுதுங்கள் ஐயா என்றார். புத்தகத்தில் ரயிலுக்கு இடம் இல்லை, வண்டிக்காரனுக்குத்தான் இடம் இருக்கிறது என்றார் ஏஜெண்டு. மாட்டை அடித்து ஓட்டினால் நேரத்தைப் பிடித்துவிடலாமே என்று யோசனையும் சொன்னார். வாயில்லாச் சீவனைத் தார்க்குச்சியால் குத்தி உம்முடைய புத்தகத்தை நிரப்ப மாட்டேன் என்று வாய்வரை வந்தது. கோமு முகத்தை நினைத்து விழுங்கினார். விழுங்கின கோபம் வயிற்றில் புளித்துக்கொண்டே கிடந்தது. ஆவணியில் இரண்டாவது கோடும் விழுந்தது.

ஐப்பசி பிறந்து அடைமழை. ரோடெல்லாம் தண்ணீர். சக்கரத்து மை கரைந்து, வண்டி வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்து சேர்ந்தது. மறுநாள் மூன்றரை மணிக்குப் பாபநாசம் இடது சக்கரத்துக்கு மை போட உட்கார்ந்தார். ரயில் நாற்பது நிமிஷம் பிந்தி வருகிறது என்று ரயிலடியில் சொல்லிவிட்டார்கள். பையப் போடும் மாமா, அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கருத்தையா மூட்டைகளைக் கையெழுத்துப் போட்டு வாங்க ரயிலடிக்குப் போனார்.

பாபநாசம் மை போட்டுச் சக்கரத்தை அச்சில் ஏற்றினார். கழற்றின கடையாணி வழக்கப்படி இருக்கையில் கிடந்தது. ஆணி ஆடாமல் இருக்கச் சுற்றுகிற தேங்காய் நார் தீர்ந்துபோயிருந்தது. அதை எடுக்கக் கொட்டகைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து நாலு மணி ஆயிற்று. வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஏஜெண்டே அடித்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியை வெளியே தள்ளச் சொன்னார். கொட்டகையிலிருந்து வந்த பாபநாசம், வண்டி வாசலுக்கு வெளியே மாடு பூட்டி நிற்பதைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார், காலி. கருத்தையா வந்து ஆணியைப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஏஜெண்டு வேறு, அடுத்த வண்டியைக் கழுவு என்று விரட்டினார்.

நாலு நாற்பதுக்குக் கருத்தையா மூட்டைகளோடு வந்தார். வண்டியில் ஒரே பிரயாணிதான். ஜெபகனி என்று பாளையங்கோட்டைப் பெண், மிஷன் பள்ளிக்கூடத்தில் புதிதாக டீச்சர் வேலை கிடைத்து நாங்குநேரிக்குப் போகிறாள். மடியில் சிலேட்டும் புஸ்தகமும் கட்டின மூட்டை. கருத்தையா மூட்டைகளை ஏற்றிவிட்டு வழக்கம்போல் நுகத்தடியில் கை வைத்தார். பின்னாலேயே ஏஜெண்டின் குரல் வந்தது.

"ஏலே கருத்தையா, வலம் வாறதுக்கு இது கோயில் இல்ல. ஏறு. மூணாவது கோடு வேணுமா?"

கருத்தையா நின்றார். மூன்றாவது கோடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இருக்கையைப் பார்த்தார். துடைத்துவிட்ட மாதிரிக் காலியாக இருந்தது. பாபநாசம் மாமா பிசகமாட்டார் என்று ஏறி உட்கார்ந்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தரமாகச் சுற்றி வராமல் ஏறினார்.

ரெட்டியார்பட்டி இறக்கத்தில் இடது சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் உருண்டு ஓடியது. வண்டி குடை சாய்ந்தது. கருத்தையாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஜெபகனியின் வலது கை வண்டிச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கையை வெளியே எடுத்ததும் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, எலும்பு கூடும், ஆனால் சாக்கட்டி பிடித்து எழுத வராது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பேட்டைக்குத் திரும்பிய கருத்தையா பாபநாசத்தைக் கழுத்தில் போட்டிருந்த துண்டோடு பிடித்துத் தூக்கினார். ஆணி எங்கே என்று கேட்டார். நெல்லையப்பர் சத்தியமாக இருக்கையில்தான் வைத்தேன் என்றார் கிழவர். பொய் சொல்லாதே என்று கன்னத்தில் ஒரு அறை விட்டார் கருத்தையா. பாபநாசம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றே ஏஜெண்டு அவரை வேலையை விட்டு நிறுத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எட்டாம் நாள் ஏஜெண்டு கருத்தையாவை அறைக்குள் கூப்பிட்டார். மதுரைக்கு அனுப்ப ஒரு காகிதம் தயாராக இருந்தது. வாசித்துக் காட்டினார். வண்டி நாலு மணிக்குச் சரியாகப் புறப்பட்டது. மை போடுகிறவன் ஆணியைத் தொலைத்தான். வண்டிக்காரன் சக்கரத்தைச் சோதிக்காமல் ஓட்டினான். கையெழுத்துப் போட்டால் ஸ்ரீவைகுண்டம் சாமான் வண்டிக்கு மாற்றுவதோடு விட்டுவிடுவார்களாம். போடாவிட்டால் வேலை இல்லை. கருத்தையா போட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். சோதிக்காமல் ஓட்டினது பொய்யா? அந்தப் பெண்ணின் விரல் எட்டு நாளாக அவர் கண்ணுக்குள் மடங்காமலே நின்றது.

ஏஜெண்டு காகிதத்தை எடுத்துக் கொடுப்பதற்காக, அதன்மேல் பாரமாக வைத்திருந்த இரும்பை நகர்த்தினார். நன்றாகத் துடைத்த இரும்பு. தலைப்பக்கம் வளையம். கையெழுத்துப் போட எடுத்த பேனாவோடு கருத்தையா குனிந்து அதையே பார்த்தார்.

"ஐயா, இது எங்கன கெடந்துது?"

"அதுவா? அன்னைக்கு உன் சீட்டுல கெடந்துதுலே, மையும் அழுக்குமா. அந்தப் பிள்ளை ஏறுதப்ப சேலையில ஒட்டிரப்பிடாதேன்னு எடுத்தேன். சீட்டையும் நான்தான் துடைச்சேன். காத்துக்குக் காகிதம் பறக்குதுன்னு வச்சிருக்கேன். என்ன இரும்பு அது?"

வண்டிக் கம்பெனிக்கு ஏஜெண்டு. அச்சாணி என்ற சொல்லுக்குப் பத்து விதமாக அர்த்தம் சொல்லக்கூடிய படிப்பு. எட்டு நாளாக அதைக் காகிதத்துக்குப் பாரமாக வைத்துக்கொண்டு, அது தொலைந்துபோனதாக அதற்கடியிலேயே எழுதியிருக்கிறார்.

கருத்தையா பேனாவைக் கீழே வைத்தார். ஆணியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். அந்த மனுஷனை அதே இரும்பால் மண்டையில் போட்டிருப்பேன், ஏதோ நல்ல காலம், தப்பித்தான் என்று பிற்பாடு கோமுவிடம் சொன்னாராம்.

வாசலில் ஏஜெண்டு டவுணுக்குப் போகிற வில்வண்டி மாடு பூட்டித் தயாராக நின்றது. கருத்தையா குனிந்து, ஒரு கல்லால் கீழிருந்து தட்டி, அதன் இடது சக்கரத்துக் கடையாணியைக் கழற்றினார். வண்டிக்காரன் திகைத்துப் பார்த்தான். இவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். கழற்றின ஆணியை ஏஜெண்டு உட்காருகிற மெத்தையின் நடுவில் வைத்தார். மை ஒட்டியது. ஐந்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏஜெண்டு வெளியே வந்தார். சக்கரத்தடியில் நின்ற கருத்தையா குரல் கொடுத்தார்.

"அஞ்சு மணி ஆச்சு, ஏறுங்க ஐயா. வலம் வாறதுக்கு இது கோயில் இல்ல."

சிவசண்முகம் பிள்ளை மெத்தையைப் பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அந்த இரும்பு என்ன இரும்பு என்று இப்போது புரிந்துபோயிற்று. முகம் வெளுத்தது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அதைப் பூட்டின பிறகுதான் ஏறுவேன் என்று வண்டிக்காரனிடம் மெல்லச் சொன்னார். பேட்டையில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அன்று அவர் ஐந்தரைக்குத்தான் புறப்பட்டார். அதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

கருத்தையாவுக்கு வேலை போயிற்று. அங்கிருந்து நேரே பாபநாசத்தின் வீட்டுக்குப் போய், மடியில் இருந்த கடையாணியை அவர் காலடியில் வைத்து விழுந்து கும்பிட்டார். பிறகு பாளையங்கோட்டைக்குப் போய் ஜெபகனியிடம் நடந்ததைச் சொன்னார். ஏஜெண்டு எடுத்ததையும் சொன்னார், தான் பார்க்காததையும் மறைக்காமல் சொன்னார். அவள் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, நீங்கள் ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாமே அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் ஸ்ரீவைகுண்டத்தில் சொந்த வண்டி வைத்து வாழைத்தார் ஏற்றினார். வியாபாரிகள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு சுற்றுச் சுற்றி வராமல் ஏறியதில்லை. ஏன் இத்தனை கோபம், சும்மா சுற்றினால் போதாதா என்று ஊரில் கேட்பார்கள். கடையாணியைத் தொடும்போதெல்லாம் காது கூசுகிற மாதிரி வைவார். வலது சக்கரத்துக்குச் சிவசண்முகம் பிள்ளையை வைவார். இடது சக்கரத்துக்கு வரும்போது தன்னையே வைதுகொள்வார்.